மருமோன்ர கட்டுரையும் கொட்டியாரத்துக் கைதியும்

மருமோன், நீ தந்திட்டுப் போன ஆய்வுக் கட்டுரையை முழுக்க வாசிச்சன். பயப்பிடாதை, ஒண்டும் விளங்கேல்லை. உன்ர நோக்கமும் அதுதானே எண்டு பிறகு யோசிச்சுப் பார்த்துச் சந்தோசப்பட்டன். கொழும்பு, கண்டி எண்டு திரிஞ்சு, கொம்மாவின்ர காப்பை அடகு வைச்சுப் படிச்ச பிள்ளை எழுதினது, எட்டாம் வகுப்போட நிண்ட மாமனுக்கு விளங்கினால் குடும்பத்துக்குப் பிறகு என்ன மரியாதை?

நீ எந்தக் கம்பஸில படிப்பிக்கிறாய் எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். கட்டுரை எந்த ஜேர்னலுக்குப் போகுது எண்டும் சொல்லமாட்டன். ஆனால் முதலாவது வசனத்தை மட்டும் சனத்துக்குக் காட்டத்தான் வேணும். கோவிக்காதை. இதுதான் அது:

"திருகோணமலை மாவட்டத்தின் தெரிவுசெய்யப்பட்ட கரையோரக் கிராமங்களில் வாழ்கின்ற கரைவலை மீனவக் குடும்பங்களின் வாழ்வாதார நிலைபேற்றின் மீது முறைசாராக் கடன் மூலங்களினால் ஏற்படுத்தப்படுகின்ற தாக்கத்தினை அடையாளப்படுத்துவதனை நோக்கமாகக் கொண்டு மேற்கொள்ளப்பட்ட இவ்வாய்வின் மூலம் கடன்பாட்டிற்கும் சந்தைப்படுத்தல் சுதந்திரத்திற்கும் இடையே எதிர்மறையான தொடர்பு காணப்படுகின்றமை கண்டறியப்பட்டுள்ளது."

மூதூர் லோஞ்சில கனகாலம் கயிறு பிடிச்சவன் நான். வாடைக் காத்துக்கும் களைக்காத ஆள், இந்த வசனத்தில களைச்சுப் போனன். எண்ணிப் பார்த்தன், 31 சொல். அதில 5 இடத்தில 'பட்ட', 'படுகின்ற'. தெரிவுசெய்யப்பட்ட கிராமம் எண்டால் ஆர் தெரிவுசெய்தது? ஏற்படுத்தப்படுகின்ற தாக்கம் எண்டால் ஆர் ஏற்படுத்திறது? கண்டறியப்பட்டுள்ளது எண்டால் கண்டறிஞ்சது ஆர்? நீதானே ராசா? சம்பளச் சீட்டில மட்டும் வடிவாய்க் கையெழுத்து வைக்கிறாய், கட்டுரையில ஏன் கதவுக்குப் பின்னால நிக்கிறாய்? இவ்வளவு நீட்டு வசனத்துக்குள்ள ஒரு மனிசன் கூட ஒரு வேலையும் செய்யேல்லை. கடன் தானாய் வருகுது, தாக்கம் தானாய் ஏற்படுது, தொடர்பு தானாய்க் காணப்படுகுது. எங்கட கரையில இப்படி ஒண்டும் தானாய் நடக்கிறதை நான் காணேல்லை. வலை தானாய்க் கரைக்கு வராது எண்டு உனக்கும் தெரியும்.

அண்டைக்கு மாமி தேத்தண்ணி கொண்டு வந்து வைக்கேக்க, "என்னத்தையடா கண்டுபிடிச்சனீ?" எண்டு சும்மா கேட்டன். நீ பிளேன்ரீயை ஊதிக்கொண்டு சொன்னாய்: "கடன் வாங்கின கரைவலைக்காரர் பிடிக்கிற மீனைக் கடன் குடுத்த முதலாளிக்குத்தான் விக்க வேண்டியிருக்கு மாமா. அவர் சொல்லுறதுதான் விலை. கரையில ஏலம் கூற விட ஏலாது."

அடுப்படியில நிண்ட மாமிக்கும் விளங்கிச்சு. விளங்கினது மட்டுமில்லை, "எந்த ஊர் முதலாளி?" எண்டு எட்டிப் பார்த்தும் கேட்டவ. அதை அப்படியே எழுதன் எண்டு சொன்னதுக்கு, "அப்படி எழுதினால் ஆய்வு மாதிரி இருக்காது மாமா" எண்டு சொன்னாய் பார், அந்த வார்த்தையில என்ர மனம் குளிர்ந்து போச்சு. மாதிரி இருக்கிறதுதானே முக்கியம்.

சரி, உன்ர வழிக்கே வாறன். விளங்காமல் எழுதுறது எண்டு முடிவெடுத்தால் அதையாவது திருந்தச் செய்யவேணும். நீ இன்னும் அரைகுறை. 'மீனவர்களிடம் பணம் இல்லை' எண்டு ஏழாம் பக்கத்தில எழுதிப்போட்டாய், அது பிழை. 'மீனவர்களிடத்தில் நிதிசார் வளங்களின் பற்றாக்குறை நிலவுகின்றமை அவதானிக்கப்படுகின்றது' எண்டு எழுதியிருக்கவேணும். கடல் எண்டு ஒரு இடத்திலயும் எழுதாதை, 'கடல்சார் சூழற்றொகுதி' எண்டு போடு, அப்பதான் வாசிக்கிறவன் நனையமாட்டான். ஒரு வசனத்துக்கு ஏழு பேருடைய பேரும் வருஷமும் அடைப்புக்குறிக்குள்ள நிரப்பு. மாரி காலத்தில கடல் கொந்தளிக்கும் எண்டதுக்கும் சாட்சி வேணும். எத்தனை பேரைக் கேட்டனீ எண்டதைப் பதினெட்டாம் பக்கத்தில ஒரு அட்டவணைக்கு அடியில சின்ன எழுத்தில போட்டிருக்கிறாய், அது கெட்டித்தனம். அதுக்கு உனக்கு முழுப் புள்ளி. புள்ளிக்குத்தானே எழுதுறது, பதவி உயர்வுக்கு அதைத்தானே எண்ணுறாங்கள்.

விளங்காத கதைக்கு மதிப்பில்லை எண்டு ஆரும் சொன்னால் நம்பாதை. பேத்தி போனில வாசிச்சுச் சொன்னாள். 1970 இல அமெரிக்காவில மூண்டு பேர், மைக்கல் பொக்ஸ் எண்ட நடிகரைப் பிடிச்சு, டொக்டர் மைரன் பொக்ஸ் எண்டு பேர் மாத்தி, மருத்துவக் கல்விக்குக் கணித விளையாட்டுக் கோட்பாட்டை எப்படிப் பாவிக்கிறது எண்டு மேடையில பேச விட்டவை. முன்னால இருந்தது மனநல வைத்தியர்மாரும் உளவியல் படிச்ச ஆக்களும். நடிகர் பேசினது வேணுமெண்டே குழப்பினது. முன்னுக்குச் சொன்னதைப் பின்னுக்கு மறுப்பார், இல்லாத சொல்லுச் சொல்லுவார், இடையில சம்பந்தமில்லாத பகிடி விடுவார். கேட்டவை தலையாட்டிச்சினம். நல்ல பேச்சு எண்டு தாளிலயும் எழுதிக் குடுத்திச்சினம். அதில ஒருத்தர், இவருடைய கட்டுரைகளை முந்தியே வாசிச்சிருக்கிறன் எண்டும் சொன்னவர்! 1973 இல இந்தக் கதை ஒரு மருத்துவக் கல்வி ஜேர்னலிலயே அச்சாய் வந்தது.

பிறகு 1980 இல ஸ்கொட் ஆம்ஸ்ட்ரோங் எண்ட பேராசிரியர் முகாமைத்துவ ஜேர்னல் பத்தை எடுத்து அளந்து பார்த்தவர். வாசிக்கக் கஷ்டமான ஜேர்னலுக்குத்தான் படிச்ச ஆக்களிட்ட மதிப்புக் கூட. அவர் அதோட விடேல்லை. வந்துபோன கட்டுரைகளின் முடிவுரையை, விஷயத்தை மாத்தாமல் மொழியை மட்டும் இலேசாக்கி ஒண்டு, கஷ்டமாக்கி ஒண்டு எண்டு எழுதி, பேராசிரியர்மாரிட்ட குடுத்து மதிப்பிடச் சொன்னவர். கஷ்டமாய் எழுதினவன்தான் கெட்டிக்காரன் எண்டு அவை தீர்ப்புச் சொல்லிச்சினம். பார்த்தியோ, உன்ர பக்கம் பெரிய ஆக்கள் நிக்கினம்.

ஆனால் மருமோன், ஒரு சின்னச் சிக்கல் இருக்கு. பொக்ஸுக்கு ஒரு முகம் இருந்தது. நல்ல குரல், கோட்டு, சிரிப்பு எல்லாம் இருந்தது. உன்ர கட்டுரைக்கு முகம் இல்லை. பேரையும் கம்பஸையும் கூட வெட்டிப்போட்டுத்தானே ரிவியூவருக்கு அனுப்பிறாங்கள். அந்த மனிசன் ஆர்? உன்னை மாதிரி ஒருத்தன். பகல் முழுக்கப் படிப்பிச்சு, பின்னேரம் கூட்டத்துக்குப் போய், இரவு விடைத்தாள் திருத்திப்போட்டு, பிள்ளை நித்திரையான பிறகு உன்ர தாளைத் திறக்கிறான். அதுக்கு அவனுக்கு ஒரு சதமும் இல்லை. அவன் உன்னைத் தொலைபேசியில கூப்பிட்டு "இதுக்கு என்ன கருத்து?" எண்டு கேட்கவும் ஏலாது. முதல் வசனத்தில ஒருக்கால் இடறுவான், இரண்டாவதில இடறுவான். பிறகு உன்னில பிழை பிடிக்கிறதுக்குத்தான் மிச்சத்தை வாசிப்பான். ஏன், எடிட்டர் அவனிட்ட அனுப்பாமலே திருப்பி விடுற வழக்கமும் இருக்கு.

2006 இல டானியல் ஒப்பன்ஹைமர் எண்ட ஆள் ஒரு சோதனை போட்டவர். ஒரே எழுத்தில சின்னச் சொல்லை எடுத்துப்போட்டு நீட்டுச் சொல் வைச்சு மாணவர்களிட்டக் குடுத்தால், எழுதினவனுக்கு மூளை குறைவு எண்டு வாசிச்சவை நினைச்சிச்சினம். அந்தக் கட்டுரைக்குத் தலைப்பின்ர முன்பாதியை வேணுமெண்டே நீட்டுச் சொல்லாய் வைச்சு, அந்த வருஷத்து இக்நோபல் பரிசும் வாங்கினவர், அந்தச் சிரிப்புப் பரிசு. 2021 இல குகைகளைப் பற்றி வந்த 21,000 இக்கும் மேற்பட்ட கட்டுரைகளை இரண்டு பேர் எடுத்துப் பார்த்திச்சினம். தலைப்பிலயும் சுருக்கத்திலயும் துறைக்காரர் மட்டும் பேசுற சொல் கூடக் கூட, அந்தக் கட்டுரையை மற்றவை எடுத்துக் காட்டுறது குறையுது. இப்ப கணக்குச் சரி. ஆம்ஸ்ட்ரோங்கின்ர பேராசிரியர்மார் மதிப்புப் போட்டவை மட்டும்தான், ஒருத்தரும் அதை எடுத்துப் பாவிக்கேல்லை. விளங்காத கட்டுரையை மதிப்பாங்கள், தொடமாட்டாங்கள்.

விளங்கிறதையும் அளக்க ஒரு கணக்கு இருக்கெண்டு கேள்விப்பட்டால் நீ சிரிப்பாய். அந்தக் கணக்கு நேவி டொக்யாட் இருக்கிற எங்கட திருகோணமலைக்குச் சொந்தம் மாதிரித்தான், நேவிக்காரன்ர கணக்கு. 1948 இல, வியன்னாவில பிறந்து அமெரிக்கா போன ருடோல்ஃப் ஃபிளெஷ் ஒரு சூத்திரம் போட்டவர். வசனத்தில எத்தனை சொல், சொல்லில எத்தனை அசை எண்டு எண்ணி ஒரு மார்க். கூட மார்க் வந்தால் இலேசு, குறைஞ்சால் கஷ்டம். 1975 இல பீட்டர் கின்கெய்டும் கூட்டாளிகளும் அதை அமெரிக்க நேவிக்கு ஏத்த மாதிரித் திருத்தினவை. அதிகாரியில்லாத 500 இக்கும் மேற்பட்ட சாதாரண நேவிக்காரரிட்ட அவங்கட பயிற்சிப் புத்தகங்களை வாசிக்கக் குடுத்து, எத்தினையாம் வகுப்புப் படிச்சவனுக்கு எது விளங்கும் எண்டு கணக்கெடுத்துச் செய்தது. ஏன் நேவிக்கு இந்த வேலை? இயந்திரத்தைப் பற்றி எழுதினது விளங்காட்டில் பெடியன் பிழையான வால்வைத் திறப்பான். டொக்யாட்டில வேலை பார்த்த என்ர அப்பர் சொல்லுவார், அங்க சுவரில தொங்கின அறிவித்தல் ஒண்டும் இரண்டு வரிக்கு மேல போகாதாம். ஜேர்னலில பிழையாய் விளங்கினால் ஒண்டும் வெடிக்காதே. அதுதான் உங்களுக்கு இவ்வளவு தைரியம்.

2017 இல சுவீடனில சில பேர் அந்த ஃபிளெஷ் கணக்கால 123 ஜேர்னல்களின்ர ஆய்வுச் சுருக்கங்களை அளந்தவை. 1881 தொடக்கம் 2015 வரைக்கும், ஏழு லட்சத்துக்கு மேல. வருஷம் போகப் போக வாசிக்கிறது கஷ்டமாகிக்கொண்டே போகுது. மார்க் சைபருக்கும் கீழ போன சுருக்கம் 1960 இல 14 வீதம், 2015 இல 22 வீதம். சைபருக்குக் கீழயும் மார்க் இருக்கெண்டு நான் அண்டைக்குத்தான் அறிஞ்சன். நான் எட்டாம் வகுப்பில வாங்கினதே பரவாயில்லை.

தமிழுக்கு உந்தக் கணக்கு அப்படியே சரிவராது, அதையும் சொல்லிப்போடுறன். 'போகவேண்டியிருந்திருக்கும்' எண்டு நாங்கள் ஒரு மூச்சில சொல்லுறம், சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். அசை எண்ணினால் அது பெயில். எங்களுக்கு எண்ண வேண்டியது வேற. வினைச்சொல் வரமுந்தி எத்தனை சொல் தாண்டவேணும், ஒரு பக்கத்தில எத்தனை 'படுகின்றது'. உன்ர தாளில இரண்டும் கடலளவு.

இப்ப உனக்குக் கொட்டியாரக் குடாவில ஒரு ஆளைக் காட்டுறன். நான் லோஞ்சில போகேக்க வெள்ளைக்காரப் பயணி ஆரும் வந்தால் முதலில கேட்கிறது இவரைப் பற்றித்தான். மூதூரில இவரையும் கூட வந்தவையையும் பிடிச்ச இடம் எண்டு புளியமரத்தடியையும் நினைவுக் கல்லையும் காட்டுறது அப்ப வழக்கம். 1659 கடைசியில 'ஆன்' எண்ட இங்கிலீஷ்க் கப்பல் மசூலிப்பட்டினத்துக்கு முன்னால புயலில மாட்டிப் பெரிய பாய்மரத்தை இழந்தது. புது மரம் போடவும் வியாபாரம் பார்க்கவும் கொட்டியாரத்துக்கு வந்தவையை, 1660 இல கண்டி ராசா இரண்டாம் இராசசிங்கன்ர ஆக்கள் பிடிச்சுக் கொண்டு போச்சினம். கப்டன் நொக்ஸும் அதுக்குள்ள, அவர்ர மகன் றொபேட் நொக்ஸும் அதுக்குள்ள. பெடியனுக்கு 19 வயசு. அடுத்த வருஷமே தகப்பன் காய்ச்சலில செத்துப் போனார். மகன் தொப்பி பின்னி வித்தான், பிறகு நெல்லைக் கடன் குடுத்துச் சீவிச்சான். 1679 ஐப்பசியில மன்னார்ப் பக்கம் அரிப்பில இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பி ஓடினவன். இங்கிலாந்துக்குப் போற கப்பலிலேயே, கண்டதை எல்லாம் எழுதத் தொடங்கிப்போட்டான்.

அந்தக் கையெழுத்துப் பிரதி ஆரிட்டப் போச்சுது தெரியுமோ? லண்டன் றோயல் சொசைட்டிக்காரரிட்ட. 1665 இல உலகத்தின்ர முதல் விஞ்ஞான ஜேர்னல்களில ஒண்டைத் தொடக்கினவர் அந்தச் சங்கத்துச் செயலாளர்தான். நீ கட்டுரை அனுப்பிற ஜேர்னலுக்கெல்லாம் பாட்டன் அது. நொக்ஸை உற்சாகப்படுத்திப் புத்தகம் போட வைச்சது றொபேட் ஹூக், பேனையும் தெள்ளையும் நுணுக்குக்காட்டியில பார்த்துப் படம் கீறின அதே ஹூக். கோப்பிக் கடையில இருந்து நொக்ஸிட்டக் கதை கேட்பார். முன்னுரையும் அவரே எழுதினவர். ஒழுங்குபடுத்த நொக்ஸின்ர ஒண்டுவிட்ட சகோதரன், ஜோன் ஸ்ட்ரைப் எண்ட பாதிரியார், கைகுடுத்தவர். 1681 இல புத்தகம் வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்குள்ள ஜேர்மன், டச்சு, பிரெஞ்சு எண்டு மூண்டு பாஷைக்குப் போச்சுது.

ஒரு கப்பல்காரன் எழுதினதை அவ்வளவு படிச்ச சங்கம் ஏன் தூக்கிப் பிடிச்சது? அதுக்கும் காரணம் இருக்கு. 1667 இல தோமஸ் ஸ்ப்ராட் எண்டவர் அந்தச் சங்கத்தின்ர வரலாற்றை எழுதேக்க, அலங்காரப் பேச்சு எங்களுக்கு வேண்டாம், கைவினைக்காரனும் நாட்டுப்புறத்தானும் வியாபாரியும் பேசுற மாதிரித்தான் எங்கட ஆக்கள் பேசவேணும், புலவனும் பண்டிதனும் பேசுற மாதிரி இல்லை எண்டு எழுதி வைச்சவர். கேட்டியோ மருமோன்? ஆய்வு எண்ட சங்கதி தொடங்கேக்க உன்ர மாமன் மாதிரி ஆக்களின்ர பேச்சைத்தான் மாதிரியாய் எடுத்திச்சினம். நடுவில ஆரோ உங்களைக் கெடுத்துப் போட்டாங்கள்.

புத்தகத்தின்ர ஒழுங்கைப் பார். நாலு பாகம். முதலாவதில நாடும் விளைச்சலும். இரண்டாவதில ராசாவும் ஆட்சியும். மூண்டாவதில சனம். கடைசியில, நாலாவதிலதான் தன்ர சிறைக் கதை. 19 வருஷம் அகப்பட்டுக் கிடந்தவன் தன்னைக் கடைசியில வைக்கிறான். நீ மூண்டு மாசம் கள ஆய்வுக்குப் போனதை முன்னுரையில இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறாய். நெல்லுக் கடனைப் பற்றி நொக்ஸ் எப்படி எழுதினவன் தெரியுமோ? வருஷத்துக்கு அரைவாசி வட்டி, நூற்றுக்கு 50 எண்டு நேராய்ச் சொல்லுறான். கடனைத் திருப்பி வாங்கிறதில பட்ட பாட்டையும் சொல்லுறான். குடுத்தவனே வட்டியைச் சொல்லுறான், மருமோன்! கடனைப் பற்றி 22 பக்கம் எழுதின நீ வட்டி எவ்வளவு எண்டு எங்கயாவது சொன்னியோ? நான் தேடினன், இல்லை. 'உயர் வட்டிவீதம்' எண்டு மட்டும் கிடக்குது.

(ஒரு பக்கக் கதை: கெட்ட தண்ணி குடிச்சு வாற காய்ச்சலுக்கு ஒரு இலை மருந்து எண்டு நொக்ஸ் சொல்ல, ஹூக் 1689 இல அந்தச் செடியைப் பற்றி றோயல் சொசைட்டியில ஒரு பேச்சே பேசினவர். எந்தச் செடி எண்டு மாமிக்கு முன்னால கேளாதை. கஞ்சா.)

ஹூக்கை நான் முழுசாய்ப் புகழவும் இல்லை. அந்த மனிசனும் ஒருக்கால் ஒளிச்சு விளையாடினவர். சுருள்வில்லு எவ்வளவு இழுபடும் எண்ட தன்ர விதியை 1676 இல எழுத்துகளை அகரவரிசையில குழப்பிப்போட்டு, விடுகதையாய் அச்சிட்டவர். மற்றவன் களவெடுத்துப் போடுவான் எண்ட பயம். ஆனால் 1678 இல தானே விடையைச் சொல்லிப்போட்டார். உன்ர முதல் வசனத்துக்கு விடை எந்த வருஷம் வரும்?

பயம் எண்டு சொன்னன் பார், விஷயம் அங்கதான் கிடக்குது. நீ விளக்கமாய் எழுதத் தெரியாதவன் இல்லை. தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு வடிவாய்ச் சொன்னாய். எழுதினவுடன விளங்கினால் ஆரும் கேள்வி கேட்பான். மாமி கேட்ட மாதிரி, எந்த ஊர், எந்த முதலாளி, எத்தனை பேரைக் கேட்டனீ, கடன் வாங்காதவன் மட்டும் நல்ல விலைக்கு வித்தானோ எண்டு கேட்பான். கடைசிக் கேள்விக்கு உன்னட்டப் பதில் இருக்கோ? எனக்கு அதில ஐமிச்சம். ஐஸை அள்ளிப் போட்டு மூடி வைச்ச மீனை எங்கட பெண்டுகள் முதலில செவுளைத் தூக்கித்தான் பார்ப்பினம். உன்ர 'எதிர்மறையான தொடர்பு' அந்த ஐஸ். கடன் இல்லாத வலைச் சொந்தக்காரரான சம்மாட்டிமாரையும் கேட்டுப்போட்டு வந்தால் ஐஸ் தேவைப்படாது.

எல்லாத்தையும் லோஞ்சுக்காரனுக்கு விளங்கிற மாதிரி எழுதச் சொல்லுறன் எண்டு நினைக்காதை, நான் அவ்வளவு விசரன் இல்லை. எங்கட இந்துக் கல்லூரியில அதிபராய் இருந்த விபுலாநந்த அடிகளின்ர 'யாழ் நூல்' 1947 இல வந்தது. அதைத் திறந்து பார்த்து, சுரங்களுக்கிடையில கணக்கு வர, மூடி வைச்சிட்டன். அது அவர்ர பிழை இல்லை. அழிஞ்சு போன யாழைக் கணக்குப் போட்டுத் திருப்பி எடுக்கிற வேலை கஷ்டம்தான், அதை ஆர் எழுதினாலும் எனக்கு வேர்க்கும். கஷ்டமான விஷயம் கஷ்டமாய்த்தான் இருக்கும். கடன் வாங்கினவன் விலை பேச ஏலாது எண்டது கஷ்டமான விஷயம் இல்லை. அதைக் கஷ்டமாக்க நீ எவ்வளவு பாடுபட்டிருக்கிறாய் எண்டு நினைக்கத்தான் பாவமாய்க் கிடக்குது.

இன்னொரு வழி இருக்கு எண்டு போன முறை மெல்லமாய்ச் சொன்னாய், கம்ப்யூட்டரிட்டக் குடுத்தால் அது இங்கிலீஷில பளபளப்பாய் எழுதித் தரும் எண்டு. உன்னைப் போல யோசிச்ச ஆக்கள் கனபேர். 2024 இல வந்த மருத்துவ, உயிரியல் சுருக்கங்களில குறைஞ்சது 13.5 வீதம் அந்த மெசினின்ர கைபட்டது எண்டு கணக்குப் போட்டிருக்கிறாங்கள். எப்படிப் பிடிச்சவை? சில ஆடம்பரச் சொற்கள் திடீரெண்டு ஊர் முழுக்கப் பெருகிப் போச்சுதாம். அதுக்கு முந்தியே, 2005 இல அமெரிக்காவில மூண்டு மாணவர் தானாய்க் குப்பைக் கட்டுரை எழுதுற ஒரு மெசினைச் செய்து விட்டவை, பகிடிக்கு. 2014 இல பார்த்தால் அந்தக் குப்பை 120 இக்கு மேல பெரிய பதிப்பகங்களின்ர மாநாட்டுத் தொகுப்புகளுக்குள்ள போய் இருந்து, பிறகுதான் எடுத்து எறிஞ்சவை. வாசிச்சு விளங்கேல்லை எண்டு சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரேல்லை. விளங்காமல் எழுதுறதில நீ மெசினோட போட்டி போடப் போறாய், ராசா. தோத்துப் போவாய்.

மெசினை வேலைக்கு வைக்கிறதெண்டால், எழுத்துப் பிழை பார்க்க வை. உனக்குப் பதிலாய்க் கரையில நிண்டு கேள்வி கேட்க அதால ஏலாது.

இனி நான் சொல்லுறதைச் செய். தலைப்பில இருக்கிற 'தாக்கத்தினை அடையாளப்படுத்துதல் தொடர்பான ஓர் ஆய்வு' எண்ட வாலை வெட்டு, அது ஆய்வு எண்டு அனுப்பிற கடிதத்திலேயே இருக்கு. முதல் வசனத்தை எடுத்துப்போட்டுத் தேத்தண்ணிக்குச் சொன்ன மூண்டு வசனத்தையும் அந்த இடத்தில வை. பேச்சு வழக்கைத் திருத்தி வை, ஆளையும் வினையையும் மாத்தாதை. 'நான் கேட்டேன்', 'அவர்கள் சொன்னார்கள்' எண்டு எழுதினால் ஒருத்தரும் சிறையில போடமாட்டினம். எத்தனை பேரைக் கேட்டனீ எண்டதைப் பதினெட்டாம் பக்கத்தில இருந்து முதல் பக்கத்துக்குக் கொண்டா. எண்ணிக்கை குறைவெண்டால் குறைவெண்டே எழுது, ரிவியூவர் எப்படியும் கண்டுபிடிப்பான், ஒளிச்சதைக் கண்டுபிடிச்சால் கோவிப்பான். எடுத்துக்காட்டின ஏழு பேரில நீ உண்மையாய் வாசிச்ச இரண்டு பேரை மட்டும் விடு. அது எந்த இரண்டு எண்டு எனக்கும் தெரியும்.

பிறகு சுருக்கத்தைக் கொண்டு போய், நீ கேள்வி கேட்ட சம்மாட்டிமாரில ஒருத்தருக்கு உரத்து வாசிச்சுக் காட்டு. அவருக்கு ஜேர்னல் எண்டால் என்னெண்டு தெரியாது, தெரியவும் தேவையில்லை. "தம்பி, இந்த இடம் அப்படி இல்லை" எண்டு அவர் எங்கயாவது மறிச்சாரெண்டால், கொழும்பிலயும் லண்டனிலயும் இருக்கிற ரிவியூவர் இரண்டு பேரும் செய்யாத உதவியை அவர் செய்துபோட்டார் எண்டு எடுத்துக்கொள். அவர் ஒண்டும் பேசாமல் தலையை மட்டும் ஆட்டினால் உசாராய் இரு, டொக்டர் பொக்ஸுக்கும் அப்படித்தான் ஆட்டினவை.

கடைசியாய் ஒண்டு. முதலாளியின்ர பேர் வேண்டாம், அது எழுதக்கூடாது எண்டு எனக்கும் தெரியும். வட்டியைப் போடு. நூற்றுக்கு எவ்வளவு, எத்தனை மாசத்துக்கு, கரையில ஏலம் போற விலைக்கும் அவர் குடுக்கிற விலைக்கும் கிலோவுக்கு எத்தனை ரூபா வித்தியாசம். இந்த மூண்டு இலக்கமும் முதல் பக்கத்தில வராட்டில் கட்டுரையை அனுப்பாதை, இன்னொருக்கால் என்னட்டக் கொண்டும் வராதை.